உள்ளே ஒன்றரை இன்ச் துணி

திருப்பூரில் ப்ளவுஸ் எங்கே தைக்கக் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு கடை. பி.என். ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மளிகைக்கடை மாடியில் இருக்கிறது. போர்டு கிடையாது. மாடிக் கம்பியில் கலர் கலராக லைனிங் துணி காய்ந்துகொண்டிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் துணி காய்வதிலேயே கடையின் தரம் தெரிந்துவிடும். காட்டன் லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கும், மேலே இருக்கும் பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. அப்புறம் தையல் ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் கடை நடத்தும் அக்கா லைனிங்கை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அயன் போட்ட பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்பார். நான் முன்பு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய கடையில் இதைச் செய்யவில்லை. இரண்டு பட்டு ப்ளவுஸ் வீணாகப் போயின.

அந்த அக்காவை எனக்கு 2007-லிருந்து தெரியும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாகச் சேர்ந்தவள். அக்கா ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட், தைத்த பீஸ் கணக்குக்குத்தான் கூலி. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. அப்படி இருந்தும் மத்தியானச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் கட்டிங் வேஸ்டை எடுத்துப் போட்டு எனக்கு மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் துணி மடித்துக்கொண்டே அவர் கையைப் பார்ப்பதை அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் என்னை மிஷினில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது வாரமே ஒரு கட்டுத் துணியில் சைஸை மாற்றித் தைத்துவிட்டேன். எம் சைஸ் முன்பக்கத்தோடு எல் சைஸ் பின்பக்கம், நாற்பது பீஸ். செக்கிங்கில் பிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். எனக்குக் கை நடுங்கியது. அக்கா தன் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கட்டுத் துணியில் பாதியை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். "போச்சாது உடு கண்ணு. இனிமே சைஸ் சீட்டைக் கட்டுக்கு மேல வச்சுக்கோ, அடியில போனா மறந்துரும்." அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஓவர்லாக் மிஷினில் ஊசிக்குப் பக்கத்தில் கத்தி உண்டு, ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். பிரித்த துணியை யோசிக்காமல் மறுபடி விட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டி, பீஸ் சின்னதாகிவிடும். கத்தி ஓரத்தில் படாமல் துணியை எப்படிப் பிடித்து ஓட்டுவது என்று அன்றைக்கே காட்டிக்கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் இழந்த பீஸுக்குக் காசு கொடுக்கலாமா என்று சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கேட்டேன். என் கையில் ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைத் திணித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எங்களுக்கும் வேலை குறைந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அக்கா வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தது, அக்கம்பக்கத்து ப்ளவுஸ்களைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊக்கு வைக்கவும் கைத்தையல் போடவும் என்னைக் கூப்பிட்டார். ஒரு ப்ளவுஸுக்கு அவர் வாங்கியது 60 ரூபாய், எனக்குக் கொடுத்தது 15. அதில்தான் வீட்டு வாடகையைச் சமாளித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அந்த வேலைக்கு அவர் ஆளே வைத்ததில்லை, ராத்திரி உட்கார்ந்து அவரேதான் செய்வார் என்று போன வருஷம்தான் அவர் மகள் சொல்லி எனக்குத் தெரிந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். லைனிங் ப்ளவுஸ் 350 ரூபாய், சாதா 180. கைக்குழி சுத்தமாக உட்காரும். கையைத் தூக்கினால் ப்ளவுஸ் மேலே ஏறாது. இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டு, மூன்று தையல் போட்டுத் தருவார். என் கல்யாண ப்ளவுஸ் 2012-இல் அவர் தைத்தது. குழந்தை பிறந்த பிறகு இரண்டு தையலைப் பிரித்துத்தான் போட்டேன், இன்னும் போடுகிறேன். பிரித்துத் தர யாரிடமும் அவர் காசு வாங்குவதில்லை.

டி-சர்ட் அளவு குறைக்கவும் கொண்டு போகலாம். பனியன் துணிக்கு முனை உருண்டையாக இருக்கும் ஊசியைத்தான் போடுவார். கூர் ஊசி துணியின் கண்ணியை அறுத்துவிடும், நாலு சலவையில் ஓட்டை தெரியும். ஆனால் டி-சர்ட்டின் அடியை மடித்துத் தைக்கும் பேட்லாக் மிஷின் அவரிடம் இல்லை. அடி மடிப்பு கம்பெனித் தையல் மாதிரி வராது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுவார்.

குறைகளும் உண்டு. முகூர்த்த மாதங்களில் பதினைந்து நாளாவது ஆகும், அவசரம் என்றாலும் வரிசையை மாற்ற மாட்டார். போட்டுப் பார்க்க ஒரு திரை மறைப்புதான். படி குறுகலானது, வயதானவர்களுக்குச் சிரமம். பின்கழுத்தில் புது டிசைன் கேட்டால் சுமாராகத்தான் வரும், பைப்பிங் கொஞ்சம் தடிமனாகப் போடுவார். ஆரி வேலை செய்வதில்லை.

என் அம்மாவுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி, வலது கை சரியாகத் தூக்க வரவில்லை. ஊக்கு மாட்ட யாராவது வர வேண்டும் என்பதாலேயே வெளியே எங்கும் போகாமல் இருந்தார். நான் பேச்சுவாக்கில் சொன்னதுதான். அக்கா அடுத்த நாளே வீட்டுக்கு வந்து, அம்மாவை உட்கார வைத்தே அளவெடுத்தார். எந்த விரலுக்குப் பலம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கச் சொல்லிப் பார்த்தார். ப்ளவுஸ் கையை அகலமாக வைத்து, முன்பட்டியில் பெரிய டிச் பட்டனாக நான்கு வைத்தார். மேலே ஊக்கு மாதிரியே தெரிய நூல் தையல் போட்டிருந்தார், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அம்மா இப்போது இடது கையாலேயே போட்டுக்கொள்கிறார். கோயிலுக்கும் போகிறார்.

போகிறவர்கள் காலை பதினோரு மணிக்கு மேல் போங்கள். அளவு ப்ளவுஸ் கொண்டு போனாலும் டேப் பிடித்து ஒரு தடவை அளப்பார், பொறுமையாக நில்லுங்கள். என் தம்பி கல்யாணத்துக்கு மூன்று கொடுத்திருக்கிறேன், ஒன்று அம்மாவுடையது. வெள்ளிக்கிழமை வாங்கப் போகிறேன்.