பழைய பித்தளை றெக்கை ஃபேன்: மூன்றாவது முறை வயர் மாற்றிய பிறகு

நேற்று ராத்திரிதான் மூன்றாவது முறையாக வயர் மாற்றி முடித்தேன். இன்றைக்குப் பார்த்து நண்பன் கேட்கிறான், “நானும் ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கிச் சரிபண்ணலாம்னு இருக்கேன், என்ன சொல்றே?” என்று.

என்னிடம் இருப்பது 12 அங்குலம், நான்கு பித்தளை றெக்கை, வார்ப்பிரும்பு அடிப்பாகம், தலையாட்டும் வகை. ஆறு வருடமாக ஓடுகிறது. பாலிஷ், பெயிண்ட் கதையெல்லாம் விடுங்கள். என் உயிரை வாங்குவது மோட்டாரின் பின்னாலிருந்து கிளம்பி அடிப்பாகத்துக்குள் இறங்கும் ஒரு சாண் வயர். தலை ஆடும்போதெல்லாம் அதுவும் கூடவே வளைகிறது. அந்தக் காலத்து வயருக்கு உள்ளே ரப்பர், மேலே நூல் உறை. நூல் பார்க்க நன்றாகவே இருக்கும். லேசாக வளைத்தால் உள்ளே ரப்பர் சருகு மாதிரி நொறுங்கிக் கொட்டும், செம்பு பளிச்சென்று தெரியும். உடம்பு முழுக்க இரும்பு, எர்த் கிடையாது. செம்பு எங்கே உரசினாலும் ஷாக்தான்.

மாற்றுவதும் லேசான வேலை இல்லை. ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் பகுதியைக் கழற்றி, அதிலிருக்கும் வைண்டிங் (செம்புக் கம்பிச் சுருள்) முனையில் சால்டர் வைக்க வேண்டும். வார்னிஷ் காய்ந்துபோன வைண்டிங், நகம் பட்டாலே கம்பி மேல் பூசிய எனாமல் உதிரும். முதல் தடவை சாதாரண பிவிசி வயர் போட்டேன், விறைப்பாக இருந்ததால் கழுத்துப் பக்கம் இழை இழையாக அறுந்தது. அடுத்த தடவை வயர் சரி, நீளம் போதவில்லை, தலை ஓரத்துக்குத் திரும்பும்போதெல்லாம் இழுபட்டே போய்விட்டது. இப்போது சிலிக்கான் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயரைப் போட்டு, பின்னால் தாராளமாக ஒரு வளையமும் விட்டிருக்கிறேன்.

றெக்கையைச் சுற்றியிருக்கும் கூண்டைத் தவிர மற்றதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்பீட் லீவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபுக்கு அடுத்தது அதிக வேகம், அப்புறம்தான் நடுத்தரம், குறைவு. அடிப்பாகத்தில் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) வோல்டேஜைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்தக் குறைந்த வோல்டேஜில் நின்ற மோட்டார் கிளம்பத் திணறும், அதனால் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில்தான் கிளம்பும்படி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! ஆனால் கூண்டு விஷயத்தில் அந்த யோசனை இல்லை. 1880களில் ஸ்கைலர் வீலர் என்ற அமெரிக்க எஞ்சினியர் செய்த மேசை விசிறிக்குக் கூண்டே கிடையாது. என்னுடையதற்கு இருக்கிறது, குழந்தையின் கை தாராளமாக உள்ளே போகும் இடைவெளியோடு.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்குள் இருக்கும் கம்பளித் திரியில் டிடர்ஜென்ட் கலக்காத 20 கிரேடு ஆயில் நான்கு சொட்டு விட்டால் போதும், காற்று மட்டும்தான் கேட்கும். ஆஃப் செய்த பிறகும் அந்தக் கனத்த றெக்கைகள் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன்.

நண்பனுக்கு என் பதில், வேண்டாம். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ, விரலில் சால்டர் சுட்ட இடம் இன்னும் எரிகிறது. மீறி வாங்கினால், பிளக்கில் சொருகுவதற்கு முன்னால் அந்த ஒரு சாண் வயரை வளைத்துப் பார்.