சொக்கிகுளம் வேப்பமர வீடு: ஆறு வருடம் குடியிருந்த பிறகு

எனக்கு மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றல் வந்துவிட்டது. தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்கிறோம். "உங்கள மாதிரியே ஒரு நல்ல குடும்பமாப் பாத்துச் சொல்லும்மா" என்று வீட்டுக்கார அம்மா கேட்டிருக்கிறார். விசாரிக்கிறவர்களிடம் தினமும் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

2019-இல் குடிவந்தோம். அதற்கு முன் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி போர்ஷன். சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. இந்த வீட்டில் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாலே உடம்பு தணியும். காரணம், கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே நிற்கும் வேம்பு. பின்பக்கம் இரண்டு தென்னை, ஒரு முருங்கை.

பங்குனி கடைசியில் வேம்பு பூக்கும். ராத்திரி படுக்கப் போகும்முன் அத்தை இரண்டு பழைய வேட்டிகளை மரத்தடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிடுவார். விடிந்ததும் அப்படியே சுருட்டி எடுத்து, காம்பும் எறும்பும் போகப் புடைத்து, திண்ணையில் காய வைப்பார். வருடப்பிறப்புப் பச்சடிக்குப் போக, வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். ஆடியில் பழம் உதிரும்போது மட்டும் வாசலை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்ட வேண்டும், செருப்பெல்லாம் பிசுபிசுக்கும். குப்பை விழுகிறது, மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

கூரை, தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ். தரை சிவப்பு சிமெண்ட். மத்தியானம் வெறும் தரையில் படுத்தாலே தூக்கம் வரும். ஆனால் ஒழுகும். முதல் ஐப்பசியிலேயே ஹாலில் மூன்று வாளி வைத்தோம். தெரிந்தவர் அனுப்பிய கொத்தனார் மேலே சிமெண்டைப் பூசிக் காசை வாங்கிக்கொண்டு போனார், அடுத்த மழைக்குள் அது பாளம் பாளமாக வெடித்துவிட்டது. சுண்ணாம்புக் கூரைக்குச் சுண்ணாம்புதான் சேரும். அப்புறம் மேலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, பூசியதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசிக் கொடுத்தார். ஹாலில் அதோடு ஒழுக்கு நின்றது.

தண்ணீருக்கு நாங்கள் கஷ்டப்பட்டதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்காரர் மொட்டைமாடிக் குழாயைப் பின்பக்கக் கிணற்றுக்கே திருப்பிவிட்டாராம். இந்த ஆறு வருடத்தில் கிணறு வற்றி நான் பார்க்கவில்லை. போர் தண்ணீர் உப்பு, துவைக்க மட்டும்தான் ஆகும்.

அக்கம்பக்கம் அமைதியானது. லேடி டோக் கல்லூரி, காந்தி மியூசியம், தமுக்கம் எல்லாம் நடந்துபோகிற தூரம். 2023-இல் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்ததிலிருந்து என் மகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்குவதில்லை. அதே வருடம் திறந்த நத்தம் பறக்கும் பாலம் இங்கேதான் தொடங்குகிறது, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம். மெயின் ரோட்டில் இரைச்சல் உண்டு. நம் தெரு உள்ளே தள்ளி இருப்பதால் ராத்திரியில் எப்போதாவது ஒரு லாரி ஹாரன் கேட்கும், அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் முடியாது. மலையிலிருந்து வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு கும்பிடும் எதிர்சேவை அன்று, அவர் மூன்றுமாவடி தாண்டித் தல்லாகுளத்துக்கு வருவார், வீட்டிலிருந்து நடந்தே போய்க் கும்பிடலாம். கொரோனாவால் இரண்டு வருடம் வைகை ஆற்றில் இறங்காதவர் 2022-இல் மறுபடி இறங்கியபோது, திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேர் எங்கள் வீட்டில் தங்கினார்கள். திண்ணையிலும் மொட்டைமாடியிலும் பாய் விரித்துப் படுத்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கே ஆற்றுக்குக் கிளம்பினோம். அந்த இரண்டு நாளும் காரை வெளியே எடுக்க முடியாது, பால் பாக்கெட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வயசானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல வீடு எனக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் மழை பெய்கிற நாளாகப் பார்த்து வாருங்கள். சமையலறையில் அடுப்புக்கு இடதுபக்க மூலை இன்னும் கசிகிறது. அதைச் சுண்ணாம்பு வைத்துச் சரி செய்து தருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார், அட்வான்ஸ் கொடுக்கும்முன் அதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.