ஸோட்டெரோவுக்குள் மேற்கோள் சேர்க்க: பொத்தானா, கோப்பா?

ஸோட்டெரோ என்பது வாசித்த கட்டுரைகளின் மேற்கோள் விபரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்து அறையில் இருந்து ஆய்வேடு எழுதிய காலத்தில் அதற்குள் மேற்கோள் சேர்க்கும் இரண்டு வழியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

உலாவியில் ஸோட்டெரோ கனெக்டர் என்ற பொத்தானைப் போட்டால் கட்டுரைப் பக்கத்தில் ஒரு சொடுக்கு போதும். ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் உள்ளே வந்துவிடும். கிடைத்தால் பிடிஎஃப்பும் சேர்ந்து இறங்கும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவருக்கு அங்கேதான் டேட்டா கரையும். (செட்டிங்கில் அதை நிறுத்தலாம்.) பத்துப் பதினைந்து கட்டுரைக்கு இதுவே சுகம். கூகுள் ஸ்கொலரில் அள்ளி அள்ளி எடுத்தால் மட்டும் ‘நீ ரோபோவா?’ என்று கேட்கத் தொடங்கிவிடும்.

டெங்கு பற்றி 400 கட்டுரை வேண்டுமென்றால் கதை வேறு. மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் தேடி, ‘சென்ட் டு’வில் சைட்டேஷன் மனேஜரைத் தெரிவு செய்தால் எல்லாம் ஒரே கோப்பாக வரும்; ஒரு தடவையில் 10,000 வரை எடுக்கலாம். வெறும் எழுத்து என்பதால் கோப்பு சின்னது. அதை ஸோட்டெரோவுக்குள் இறக்குமதி செய்யும்போது புதிய தொகுப்பு ஒன்றில் போடச் சொல்லுங்கள். ஏதும் பிழைத்துப்போனால் அதை மட்டும் அப்படியே அழித்துவிடலாம். பிடிஎஃப் அப்புறம், தேவையானதற்கு மட்டும். முறைசார் மீளாய்வு (ஒரு தலைப்பில் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒழுங்குமுறையாகத் தேடித் தொகுப்பது) செய்பவர் எந்தத் தளத்தில் எத்தனை பதிவு எடுத்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். அவருக்கும் கோப்புத்தான் சரி.

எந்த வழியானாலும் எங்கள் பெயர்கள்தான் சிக்கல். தகப்பன் பெயரின் முதலெழுத்து குடும்பப்பெயர்ப் பெட்டியில் போய்க் குந்திவிடும். என் பட்டியலில் ஒருவர் வெறும் ‘எஸ்.’ ஆக நின்றார். கையால்தான் திருத்தினேன்.