சாவி ஓட்டையில் குளவி

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "கார் ஷெட்டுக்கு அலாரம் வைக்கிறேன். அணைக்கிறதுக்கு வெளியே சாவி ஸ்விட்ச் வெச்சா சரியா வருமா? நீங்கதான் நாலு வருஷமா வெச்சிருக்கீங்களே" என்றார். அன்று காலையில்தான் அந்த ஸ்விட்ச்சின் சாவி ஓட்டையிலிருந்து ஊக்கால் மண்ணைத் தோண்டி எடுத்திருந்தேன். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீடு நீலாங்கரையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஷெட் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஷட்டரைத் தூக்கினால்தான் உள்ளே போக முடியும். கீபேடு உள்சுவரில். ஷட்டரைத் தூக்கி, காருக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து நம்பரை அமுக்குவதற்குள் அலாரம் தருகிற 30 விநாடி அவகாசம் தீர்ந்து ஹூட்டர் அலறிவிடும். எதிர்வீட்டு மாமி பால்கனிக்கு வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஸ்விட்ச்சையே வெளியே வைக்க முடிவு செய்தேன்.

முதலில் ரிச்சி தெருவில் வாங்கியது தப்பான சாமான். திருப்பினால் திருப்பின இடத்திலேயே நிற்கும் ரகம். என் பேனல், அதாவது அலாரத்தை இயக்குகிற பெட்டி, எதிர்பார்த்ததோ திருப்பிவிட்டால் தானே திரும்பி வரும் ரகம். அதனால், நான் வாங்கியதை ஒரு தடவை திருப்பினால் அலாரம் ஆன் ஆகும். பழைய இடத்துக்குத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. மறுபடி திருப்பினால்தான் ஆஃப். ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று சாவியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. வாங்குவதற்கு முன் பேனல் புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் போதும். நான் படிக்கவில்லை.

மாற்றப் போனபோது இன்னொன்றைக் கவனித்தேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட மூன்று டப்பாவிலும் சாவியில் பொறித்திருந்த நம்பர் ஒன்றே. அதாவது என் சாவி ஊருக்கே சாவி. முனை குழாய் மாதிரி இருக்கிற உருளைச் சாவி வேண்டுமா என்றார். 2004-இல் அமெரிக்காவில் அந்த மாதிரி சைக்கிள் பூட்டுகளைப் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை வைத்தே திறந்து காட்டிய கதை நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி வருகிற, ஸ்டெயின்லெஸ் முகப்பு வைத்த ஒன்றை எடுத்தேன். விலை முதல் டப்பாவைப் போல மூன்று மடங்கு.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி நல்ல வேலைக்காரர், ஆனால் அவசரக்காரர். ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பேனல் தெரிந்துகொள்வதற்காகப் போடுகிற ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே போட்டுவிட்டார். அப்படிப் போட்டால் வெளியே ஒயரை வெட்டினாலும் பேனலுக்குத் தெரியாது. ஸ்விட்ச் பக்கம் போட்டால்தான் வெட்டினதும் தெரியும். சரி, வெட்டாமல் டப்பாவைப் பிரித்து இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கினால்? சாவி திருப்பின மாதிரியேதான், அலாரம் அணைந்துவிடும். அதற்காகத்தான் மூடியைத் திறந்தாலும், டப்பாவைச் சுவரிலிருந்து பெயர்த்தாலும் கத்துகிற டேம்பர் ஸ்விட்ச். அது இல்லாத சாவி ஸ்விட்ச்சை வெளிச்சுவரில் மாட்டுவது திருடனுக்கு நாமே வைக்கிற தாம்பூலம்.

தம்பி செய்த இன்னொரு காரியம், ஒயருக்குத் துளையை டப்பாவின் மேல்பக்கம் போட்டது. டப்பாவின் மேல் ஐபி65 என்று போட்டிருந்தது: தூசி போகாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் போகாது. தலையில் ஓட்டை போட்டால் போகும். முதல் ஐப்பசி மழையிலேயே உள்ளே விரல் கணுவளவு தண்ணீர். பிறகு நானே கழற்றி, கீழ்ப்பக்கம் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கிற வளையம்) போட்டு, மழைத்தண்ணீர் அதிலேயே சொட்டிப் போகும்படி ஒயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினேன். அதோடு தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஐபி நம்பர் உப்புக் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முகப்பு இன்றும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கூடவே கொடுத்த நாலு ஸ்க்ரூவும் ஒரே வருஷத்தில் துருப்பிடித்துச் சுவரில் காவிக்கோடு இழுத்துவிட்டன.

ஒன்றை மட்டும் மெச்சியே ஆக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், ஈரத்தில் ரிமோட்டும் செத்துப்போனது. பேனலின் பேட்டரி இரண்டாம் நாள் வரை தாங்கியது. அதுவரைக்கும் இந்தச் சாவி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

இனி குளவி. சாவி ஓட்டைக்கு மேல் கட்டைவிரல் நகமளவு ஒரு மூடி, அதற்கு ஒரு ஸ்பிரிங். மொத்தச் சாமானிலும் மட்டமானது அந்த ஸ்பிரிங்தான். இரண்டாம் வருஷம் அது துருவேறி, மூடி பாதி திறந்தபடியே நின்றது. அடுத்த வாரம் குளவி வந்தது. ஈர மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுவந்து, சிமெண்ட் பூசினாற்போல ஓட்டையை நேர்த்தியாக அடைத்துவிட்டது. குத்தியெடுத்தேன். திரும்பவும் கட்டியது. "குளவி கூடு கட்டினா வீட்டுக்கு நல்ல சேதி வரும்டா, கலைக்காதே" என்றார் அம்மா. இராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சாவியைக் குத்திக்கொண்டிருப்பவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

மண்ணை எடுத்த பிறகு சாவி இறுகுகிறது என்று அப்பா தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார். மிச்ச மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகி, சாவியைப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் விட்டுக் கழுவி, பென்சில் முனையைச் சுரண்டின தூளை ஊதிவிட்டதும்தான் பழையபடி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தேன். கிடைக்காதாம், முழுசாகத்தான் வாங்க வேண்டுமாம். இப்போது சைக்கிள் டியூபில் வெட்டின ஒரு துண்டுதான் மூடி. வருகிறவர்கள் எல்லாம் அது என்னவென்று கேட்கிறார்கள்.

நண்பரே, கேட்டீர்கள், சொல்கிறேன்: வாங்காதீர்கள். கடலோரத்தில் இருப்பவன் இதை வாங்கினால் குளவிக்கு வாடகையில்லாமல் வீடு கொடுத்த மாதிரி. அப்படியும் வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போகிற அன்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கும் அதே மாடலில் ஒன்று வேண்டும்.