எஸ்.6பி-யா மக்கி எம்.சி.72-ஆ?

ரெண்டுமே 1931 ஷ்னைடர் கோப்பைக்குன்னு (கடல் விமானங்களுக்கான வேகப் போட்டி) செஞ்ச கடல் விமானம் தான், ஆனா யோசிச்ச விதம் வேற வேற. இங்கிலாந்துல டிசைனர் மிட்செல் பண்ணது சூப்பர்மரின் எஸ்.6பி, ஒரே ஒரு ரோல்ஸ் ராய்ஸ் ஆர் இன்ஜின், அதையே போட்டு பிழிஞ்சு 2,300 குதிரைசக்தி எடுத்தாங்க, சூடு தணிக்க றெக்கை, மிதவை எல்லாமே ரேடியேட்டர் மாதிரி தான். ப்ரொப்பெல்லர் சுத்துற வேகத்துக்கு விமானம் ஒரு பக்கமா இழுக்கும்ல, அதுக்கு ஒரு மிதவைல பெட்ரோல அதிகமா ஊத்தி சமாளிச்சாங்க, செம ஐடியா!

இத்தாலில மக்கி எம்.சி.72-ஐ டிசைன் பண்ண கஸ்தோல்டி வேற ரூட்டு. ரெண்டு வி12 (12 சிலிண்டர்) இன்ஜின ஒன்னு பின்னாடி ஒன்னா வச்சு, ரெண்டு ப்ரொப்பெல்லர எதிரெதிரா சுத்த விட்டாரு, ஒரு பக்கமா இழுக்குற பிரச்சனையே காலி. ஆனா கார்புரேட்டர் பக்கம் பேக்ஃபயர் ஆகி (எரிபொருள் தப்பான இடத்துல பத்திக்கிட்டு) ரொம்ப படுத்திச்சு, சோதனைல பைலட் மோன்டி செத்தே போனாரு, அதனால 1931 போட்டிக்கு வரவே முடியல. இங்கிலாந்து தனியா பறந்து கோப்பைய தூக்கிட்டு போச்சு, அதே செப்டம்பர்ல எஸ்.6பி மணிக்கு 655 கிமீ தொட்டுச்சு.

மக்கி விடல, 1934 அக்டோபர்ல இத்தாலியோட கார்டா ஏரில பைலட் அஜெல்லோ மணிக்கு 709 கிமீ போட்டாரு, பிஸ்டன் கடல் விமானத்துல இன்னைக்கும் அதான் ரெக்கார்டு. சொன்ன தேதிக்கு வேலைய முடிச்சது எஸ்.6பி தான், இருந்தாலும் என் ஓட்டு மக்கிக்கு.