லண்டனா, ஜெர்மனியா: அக்கா மகன் கேட்ட கேள்வி

அக்கா மகன் சென்னையில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு வருடமாக ஏற்காட்டு ரிசார்ட் சுவர்களில் காட்டெருமையும் காப்பிச் செடியும் வரைகிறான். காசு பரவாயில்லை. ஆனால் எந்த ரிசார்ட் கூப்பிட்டாலும் அதே காட்டெருமைதான். போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் டீ குடிக்கும்போது, "மாமா, வெளிநாடு போலாம்னு இருக்கேன். லண்டனா, ஜெர்மனியா?" என்றான். இரண்டு வாரம் விதிகளைப் புரட்டியதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

பிரிட்டனில் 'குளோபல் டேலண்ட்' விசா இருக்கிறது. வேலை தருவதாக யாரும் கடிதம் தர வேண்டாம், ஆங்கிலத் தேர்வு கிடையாது. கேட்க இனிப்புதான். ஆனால் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து என்ற கலை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மூன்று பரிந்துரைக் கடிதங்கள்; ஒன்றாவது பிரிட்டனில் இருக்கும் கலை அமைப்பு கொடுத்ததாக இருக்க வேண்டும். அப்புறம் கடந்த 5 வருடத்து விமர்சனம், விருது, கண்காட்சி என்று 10 சான்றுகள் வரை. வளரும் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கும் கேட்பது இதே சான்றுகள்தான், கொஞ்சம் தளர்வாக. நம் பையனிடம் இருப்பது கல்லூரிக் கண்காட்சி அழைப்பிதழும், ரிசார்ட் முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டைவிரலும்.

செலவு? நான் பார்த்தபோது விண்ணப்பத்துக்கு 766 பவுண்டு, அங்கே அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு. 5 வருடத்துக்கும் முன்கூட்டியே கட்டினால் 6 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. விசா கிடைத்த பிறகு அது போன பணம்.

ஜெர்மனியில் கதவு இரண்டு. சுயதொழில் கலைஞராகத் தங்க அனுமதி கேட்கலாம். பெர்லினில் அப்படி வாழ்பவர்கள் நிறைய. ஆனால் அங்குள்ளவர்கள் வேலை தருவதாக எழுதிய கடிதங்கள், வருமானக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். உள்ளே போனபின் ஒரு நல்ல ஏற்பாடு: கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டில் சேர்ந்தால் சந்தாவில் பாதிதான் நாம் கட்டுவது. பெர்லினில் ஏற்கெனவே நாலு பேரைத் தெரிந்தவர்களுக்கு இது சரி.

இரண்டாவது கதவு படிப்பு. பெரும்பாலான அரசுக் கலை அகாடமிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மதிப்பெண்ணைவிட நம் படைப்புகளின் தொகுப்பைத்தான் பார்க்கிறார்கள். விசாவுக்கு, தங்கும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, பிளாக்டு அக்கவுண்ட் என்ற பூட்டி வைத்த வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ, ஏறக்குறைய 12 லட்சம், போட வேண்டும். லண்டன் செலவைப்போல இரண்டு மடங்கு என்று அக்கா மலைத்தாள். ஆனால் அது மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பி வரும். வாடகையும் சாப்பாடும் அதில்தான். வருடத்தில் 140 முழு நாள் வேலையும் பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் உண்டு.

என் ஓட்டு இதற்குத்தான். 23 வயதுப் பையனிடம் சாதனைப் பட்டியல் கேட்கும் ஊரைவிட, வரைந்ததைக் காட்டு என்று கேட்கும் ஊர் மேல். பெயர் எடுத்தபின் லண்டனுக்கு விண்ணப்பிக்க யார் தடுத்தார்கள்?

இடைஞ்சல் மொழி. பல அகாடமிகள் ஜெர்மன் சான்றிதழ் கேட்கின்றன. பையன் உடனே சேலத்துப் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸை இழுத்தான். "எல்லிஸ் டங்கன் தமிழே தெரியாம 'மந்திரி குமாரி' எடுக்கலையா?" எடுத்தார்தான். 1935-ல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், 1950-ல் நம் ஏற்காடு சாலையிலேயே எடுத்தார். ஆனால் அவரை ஸ்டுடியோ கூப்பிட்டது. சுற்றிலும் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தது. உன்னை யாருடா கூப்பிட்டார்கள் என்றேன். அந்த ஸ்டுடியோ முதலாளி டி.ஆர். சுந்தரமே இங்கிலாந்தில் ஜவுளிப் படிப்பு படித்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்பதையும் சொல்லி வைத்தேன், அக்கா காதில் விழும்படி.

இப்போது சாயங்காலம் ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பு. சூரியன் அங்கே பெண்பாலாம், நிலா ஆண்பாலாம். அதற்கே ஒரு வாரம் புலம்பினான். 12 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று அக்கா கேட்கிறாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.