பாகூர் பக்கத்து லாயத்தில் மட்டக்குட்டி: 85,000 சொன்னார்கள், 45,000-க்கு முடிந்தது

பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு லாயத்தில், கடலூரில் இருக்கும் என் தங்கை மகளுக்காக ஒரு பெட்டை மட்டக்குட்டி, அதாவது உயரம் குறைந்த மட்டக்குதிரையின் இளங்குட்டி, வாங்கியிருக்கிறேன். வயது மூன்றரை. சவாரிக்குப் பழக்காதது. லாயத்தைப் பற்றி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், விலையைத் தப்பாகச் சொல்கிறார்கள். பழக்காத குட்டிக்குப் பழகிய குதிரையின் விலையைக் கேட்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். தெரியாமல் போனால் பணம் மட்டும் போகாது, பிள்ளைக்கும் குட்டிக்கும் அடிபடும். குறையும் சேர்த்துச் சொல்வதால் லாயத்தின் பெயரைப் போடவில்லை.

என் தாத்தா திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். புதுக் குதிரை பார்க்கப் போனால் என்னையும் கூட்டிப் போவார். விற்கிறவன் எவ்வளவு பேசினாலும் பதில் சொல்ல மாட்டார். வாயைத் திறந்து பார்ப்பார், நாலு காலையும் தூக்கிப் பார்ப்பார், அப்புறம் கெட்டித் தரையில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்பார். விலையைப் பற்றி அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். நானும் அந்த வரிசையை மாற்றவில்லை.

முதலில் இடம். தகரக் கூரை, இரண்டு பக்கமும் திறப்பு, காற்று வருகிறது. மூத்திர வாடை கண்ணை எரிக்கவில்லை. தொட்டியில் பாசி இல்லை. குதிரைகளின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்து அழுத்தினால் தட்டுப்படுகிறது. உடம்பு அப்படித்தான் இருக்க வேண்டும். சேணம் உட்காரும் இடத்தில் எந்த உருப்படிக்கும் புண் இல்லை. வேலை செய்யும் பையன்கள் கிட்டே போகும்போது எந்தக் குதிரையும் காதைப் பின்னால் மடிக்கவில்லை. அடி வாங்கிப் பழகிய குதிரை, ஆள் கையைத் தூக்கினாலே தலையை வெடுக்கென்று தூக்கும். நான் வேண்டுமென்றே கையை உயர்த்தித் தலையைச் சொறிந்து பார்த்தேன். அவை பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. அந்தப் பையன்களுக்கு என் மரியாதை.

தீவன விஷயத்தில் இரண்டு குறை. மணல் தரையிலேயே புல்லைப் போடுகிறார்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். ஒரு கை லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். அடியில் மணல் நின்றால் வயிற்றிலும் இருக்கிறது என்று அர்த்தம். இங்கே நின்றது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதற்கு வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும் தவிர வேறு ஒன்றும் கொடுப்பதில்லை. மாட்டுக்கு அது சரி. அந்தக் கம்பு நேப்பியர் வகைப் புல்லில் இருக்கும் ஆக்சலேட் குதிரையின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது, தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்து நாள்பட்டால் வளரும் குட்டிக்கு எலும்பு பலம் இழக்கும், முக எலும்பு புடைக்கும். இந்தக் குட்டியின் கன்னத்தையும் தாடையையும் தடவிப் பார்த்தேன், இன்னும் ஒன்றும் இல்லை.

இனி குட்டி. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. லாயக்காரத் தம்பி வயது ஐந்து என்றார். ஐந்து வயதில் குதிரையின் முன் பற்கள் அத்தனையும் மாறி முடிந்திருக்கும். மேலும் கீழும் நடு ஜோடி இரண்டரை வயதில் மாறும், அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பல் நாலரையில். பால்பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறுக்கு அருகே ஒடுங்கியிருக்கும். நிலைப்பல் அகலமாக, மஞ்சள் ஓடியிருக்கும். இதற்கு நடு ஜோடி நிலைப்பல், அடுத்தது ஈறைக் கிழித்து அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது, ஓரத்தில் பால்பல்.

"தம்பி, இந்த ஓரப் பல்லைக் கொஞ்சம் பாருப்பா" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சரி, நாலுன்னு வெச்சுக்குங்கண்ணே."

நாலும் இல்லை, மூன்றரை. இது சில்லறைச் சண்டை இல்லை. குதிரைக்கு எலும்பு கீழிருந்து மேலாக முற்றிக்கொண்டு வரும். முன்னங்கால் முட்டி இரண்டரை வயதுக்குள் ஓரளவு முடிந்துவிடும். முதுகெலும்பு முற்ற ஐந்து, ஐந்தரை வயதாகும். நாம் ஏறி உட்காருவது அந்த முதுகில். "சில்வர் பீச்சுல ரவுண்டு விட்டீங்கன்னா ஆறு மாசத்துல போட்ட காசு வந்துடும்" என்றார் தம்பி. மூன்றரை வயது முதுகில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆளுக்குப் பின் ஆளாக ஏற்றினால், அந்தக் குதிரை எட்டு வயதில் முதுகு தொங்கி நொண்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமே சொன்னேன்.

உயரம் 50 இன்ச் என்றார். டேப்பைப் பிடரி முடிகிற மேட்டில் வைத்தால் 47. எடையை நானே கணக்குப் போட்டேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி 135 சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை 125. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். 192 வந்தது. நன்றாக வளர்ந்த குதிரைக்கே அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது; அப்படிப் பார்த்தால் சேணத்தோடு 38 கிலோ. எங்கள் பிள்ளை 29 கிலோ, சேணம் 5 கிலோ. இப்போது ஏற்ற மாட்டோம், குட்டி நாலு வயது தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். பிள்ளை வளர வளர இந்தக் குட்டி அவளுக்குச் சிறிசாகிவிடும் என்பதையும் தங்கையிடம் சொல்லிவிட்டேன். 47 இன்ச் மட்டம் வாங்குகிற எல்லோரும் அதை யோசிக்க வேண்டும்.

"சவாரி பழகியாச்சு" என்றும் சொன்னார். ஒரு பையன் வெறும் முதுகில் ஏறினான், இன்னொருவன் கயிற்றைப் பிடித்து நடத்தினான், போனது. கயிற்றை விட்டுவிட்டு அந்தப் பனைமரம் வரை தனியாக ஓட்டிப் போகச் சொன்னேன். பாதி வழியில் திரும்பி மற்ற குதிரைகளிடம் வந்து நின்றுவிட்டது. கடிவாளத்தை இழுத்தால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியவில்லை. சேணம் வைத்து வாரை இறுக்கியதும் முதுகைக் கூனிக்கொண்டது. ஆள் ஏறினால் நிற்கும், யாராவது இழுத்தால் நடக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதே சமயம் இந்தக் குட்டியிடம் எந்தக் குணத்துக்காக நான் காசு கொடுத்தேனோ, அதுவும் அங்கேதான் தெரிந்தது. காலி யூரியா சாக்கை அதன் முன் உதறினேன். துள்ளி விலகியது, நின்றது, மூச்சை ஊதியது, பிறகு கழுத்தை நீட்டிச் சாக்கை மோந்து பார்த்தது. பயந்து ஓடுகிற குட்டியைப் பழக்குவதும் இப்படித் திரும்பி வந்து பார்க்கிற குட்டியைப் பழக்குவதும் வேறு வேறு வேலை. மூன்று காலை உடனே கொடுத்தது. வலது பின்னங்காலை இழுத்துக்கொண்டது, பிறகு கொடுத்தது. குளம்பின் அடியில் அழுகல் வாடை இல்லை. தார் ரோட்டில் சின்ன ஓட்டம் விட்டேன். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். இதற்குத் தலை நிலையாக இருந்தது, நாலு குளம்பும் ஒரே தாளம்.

விலைக் கணக்கை நான் போட்டது இப்படி. அதே லாயத்தில் ஒரு வெள்ளை மட்டம் நிற்கிறது. எட்டு வயது, கிட்டத்தட்ட இதே உயரம், பிள்ளைகள் தனியாக ஓட்டலாம், ஓட்டியும் பார்த்தோம். அதற்கு 1,10,000 சொல்கிறார்கள். நம் குட்டி அந்த வெள்ளை மட்டம் மாதிரி ஆவதற்கு ஆள் வைத்துப் பழக்கினால் குறைந்தது ஆறு மாதம். பழக்குகிறவருக்கு மாதம் 5,000 பேசியிருக்கிறேன். கொள்ளு, தவிடு, புல், வைக்கோல், குளம்பு வெட்டுவது எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் 6,000. எந்தக் குதிரை வாங்கினாலும் தீவனம் போடத்தானே வேண்டும் என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளை மட்டத்துக்குப் போடும் தீவனத்துக்கு மறுநாளே சவாரி கிடைக்கும். இந்த ஆறு மாதத் தீவனத்துக்கு ஒன்றும் கிடைக்காது. ஆக மாதம் 11,000, ஆறு மாதத்துக்கு 66,000. வெள்ளை மட்டத்தின் 1,10,000-இல் அதைக் கழித்தால் 44,000. பழக்கியும் பிள்ளைக்கு ஒத்துவராமல் போகலாம் என்ற ஆபத்துக்கு அதிலும் குறைக்க வேண்டும். நன்றாக வைத்துக்கொண்டால் மட்டக்குதிரை 25 வருஷத்துக்கு மேல் இருக்கும், இளசு என்பதற்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. 40,000-க்கும் 46,000-க்கும் நடுவில் எது கொடுத்தாலும் நியாயம் என்று வைத்துக்கொண்டேன்.

தம்பியின் கையில் இருந்த பெரிய துருப்பு சுழி, அதாவது ராசி பார்க்கிற முடிச்சுழி. "சுழி சுத்தம்ணே, அந்தியூர் சந்தையில இதுக்கே தனியா 20,000 கொடுப்பாங்க." ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்தால் எல்லா லாயத்திலும் அந்தியூர் விலைதான் பேச்சு. சுழி பார்க்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் தாத்தாவும் பார்த்தார். நாளைக்கு நாங்கள் விற்கப் போனாலும் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார், அதனால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனால் தனியாக 20,000 கொடுத்தால் முதுகும் குளம்பும் நல்லா இருக்கிற குதிரைக்குத்தான் கொடுக்கலாம். அந்த முதுகுக்கும் குளம்புக்கும் ஏற்கனவே கணக்குப் போட்டாகிவிட்டது.

முன்பணம் கொடுக்கும் முன் குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில் படித்த இளம் மருத்துவர் ஒருவரை அழைத்துப் போனேன். இதயம், கண், மூச்சு பார்த்தார், கிளாண்டர்ஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார். இதை யாரும் விடவே கூடாது. கிளாண்டர்ஸ் குதிரையிலிருந்து மனிதருக்குத் தொற்றும், தடுப்பூசி கிடையாது. 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தில் இருக்கிற நோய், வந்தது உறுதியானால் அந்தக் குதிரையை அழித்துவிடுவார்கள். பிள்ளை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சப் போகிற உயிர் இது. முடிவு வரும்வரை பாக்கிப் பணம் கிடையாது என்றேன், தம்பி ஒத்துக்கொண்டார். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டதற்கு அவரிடம் சீட்டு எதுவும் இல்லை, அதனால் புதிதாகப் போடவைத்தோம்.

பேரம் நீளமில்லை. பல், டேப், பனைமரம், வாளியில் நின்ற மணல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் தரை சேறாகிப் பழக்கும் வேலை நின்றுபோகும் என்பதையும் சொன்னேன். 60,000-க்கு வந்தார், 52,000-க்கு வந்தார், குட்டி யானை வண்டியில் ஏற்றி மஞ்சக்குப்பத்தில் இறக்கித் தருவது உட்பட 45,000-க்கு முடிந்தது. கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். வெள்ளைத்தாளில் வயது மூன்றரை, உயரம் 47 இன்ச், சவாரி பழக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பரிசோதனையில் ஏதாவது வந்தால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் எழுதினார். முடிவு சுத்தமாக வந்தது.

பராமரிப்புக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன், தரையில் தீவனம் போடுவதற்காக ஒன்று குறைவு. சொல்கிற வயதுக்கும் உயரத்துக்கும் ஐந்தில் ஒன்றுதான். போகிறவர்கள் டேப்பும் வாளியும் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு முன் காலையில் போங்கள். குதிரை பழக்கத் தெரிந்த ஆள் வீட்டிலோ பக்கத்திலோ இல்லாதவர்கள் 45,000-க்குக் கிடைக்கிறதே என்று இளங்குட்டி வாங்க வேண்டாம். அந்த வெள்ளை மட்டத்தைப் பாருங்கள், 1,10,000 என்பது அதற்குச் சரியான விலை, ஒரு லட்சத்துக்கு இறங்கினால் லாபம். போன வாரம் கேட்டபோது இன்னும் போகவில்லை என்றார்கள்.